ஜாங்கோ கிளாஸ் வியூவில் ஒரு ரெக்வெஸ்ட் போகும் வழி: படிப்படியான முழு வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாங்கோ (பைத்தானில் இணையதளம் கட்டும் கருவி) சொல்லித் தருகிறேன். பிரவுசர் அனுப்பும் கோரிக்கைதான் ரெக்வெஸ்ட்; அதற்கு ரெஸ்பான்ஸ், அதாவது பதில், தரும் கோடுதான் வியூ. அதை ஃபங்ஷனாகவும் எழுதலாம், கிளாஸாகவும் எழுதலாம். ஃபங்ஷன் வியூவை நன்றாக எழுதுகிறவர்கள்கூட கிளாஸ் வியூ வந்ததும் தடுமாறுகிறார்கள். ஃபங்ஷன் வியூவை மேலிருந்து கீழே படித்தால் போதும், நடப்பது புரிந்துவிடும். கிளாஸ் வியூவில் நீங்கள் எழுதுவது நாலு வரி. அதற்கு முன்னும் பின்னும் ஜாங்கோவின் வரிகள் ஓடுகின்றன, அவை உங்கள் கோப்பில் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் இங்கே ஒரே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன்: எந்த வரி எப்போது ஓடுகிறது? நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, சரியான வரியைத் தவறான நேரத்தில் ஓடவிட்டதால் வந்தவை.

உதாரணத்துக்கு, வகுப்பில் செய்த ஒரு வேலையையே எடுத்துக்கொள்கிறேன். செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு ஆர்டர் நோட்டு. ஆர்டர் பட்டியல் ஒரு பக்கம், ஒரு ஆர்டரின் விவரம் ஒரு பக்கம், புது ஆர்டர் பதிய ஒரு ஃபார்ம். யார் கொடுத்தார்கள், எத்தனை கிராம் வெள்ளி, எந்தத் தேதி, அவ்வளவுதான்.

மெத்தட் பெயர்களை வகுப்பில் வாயால் சொல்கிறபடி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கோடில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

1. தொடங்கும் முன்

பைத்தானில் மூன்று விஷயம் கைவசம் இருக்க வேண்டும்: கிளாஸ் அட்ரிபியூட்டுக்கும் செல்ஃப் அட்ரிபியூட்டுக்கும் உள்ள வேறுபாடு, சூப்பர் என்ன செய்கிறது, ஒரு கிளாஸ் இரண்டு கிளாஸிலிருந்து வந்தால் பைத்தான் எந்த வரிசையில் தேடுகிறது. இந்த மூன்றில் எது தடுமாறினாலும் ஒரு நாள் ஒதுக்கி அதை முடித்துவிட்டு வாருங்கள். கீழே வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

அப்புறம், ஓடுகிற ஒரு ப்ராஜெக்ட் வேண்டும். மாடல் எழுதி மைக்ரேட் செய்து, அட்மினில் ஐந்தாறு ஆர்டர் போட்டு வையுங்கள். டேட்டா இல்லாமல் வியூ எழுதினால், வெற்றுப் பக்கம் வரும்போது பட்டியல்தான் காலியா, வியூதான் தப்பா என்று தெரியாது.

2. வியூவுக்கு முன்னால் உள்ள வளைவுகள்

ரெக்வெஸ்ட் நேராக வியூவுக்கு வருவதில்லை. முதலில் மிடில்வேர் வரிசையை, அதாவது வியூவுக்கு முன்னும் பின்னும் நின்று சோதிக்கும் அடுக்குகளை, கடக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும்போது 20 கொண்டை ஊசி வளைவு வருகிறதே, அதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது முதலில் வந்த வளைவு இறங்கும்போது கடைசியில் வரும். மிடில்வேரும் அப்படியே. செட்டிங்ஸ் கோப்பில் மேலே எழுதியது ரெக்வெஸ்டை முதலில் பார்க்கும், ரெஸ்பான்ஸைக் கடைசியில் பார்க்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பாதி வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்ட ரெக்வெஸ்ட் உங்கள் வியூவை எட்டிப் பார்த்திருக்காது. ஃபார்ம் டெம்ப்ளேட்டில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் நம் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) போட மறந்தால் 403 (அனுமதி மறுப்பு) வரும். போஸ்ட் (விவரம் அனுப்பும் ரெக்வெஸ்ட்) மெத்தடுக்குள் பிரிண்ட் மேல் பிரிண்டாகப் போட்டு ஒரு மணி நேரம் தேடிய மாணவர்கள் உண்டு. ஒரு வரிகூட அச்சாகாது. அந்தச் சோதனை அடிவாரத்திலேயே, வியூ கூப்பிடப்படும் முன்பே முடிந்துவிடுகிறது.

முகவரியின் கடைசியில் வரும் சாய்வுக்கோடும் இங்கேதான் மாட்டும். யூஆர்எல் சாய்வுக்கோட்டில் முடிகிறது, ஃபார்மின் ஆக்‌ஷனில் அதை விட்டுவிட்டீர்கள் என்றால், டீபக் நிலையில் (கோடு எழுதும்போது எரர் விவரம் காட்டும் நிலை) ஜாங்கோ எரர் காட்டி நிறுத்தும். டீபக் அணைத்திருந்தால் சரியான முகவரிக்குத் திருப்பி அனுப்பும். அப்படித் திருப்பும்போது பிரவுசர் போஸ்டை கெட் (பக்கம் கேட்கும் ரெக்வெஸ்ட்) ஆக்கிவிடும், நிரப்பிய விவரம் போய்விடும்.

3. யூஆர்எல் கோப்பில் ஆஸ்_வியூ

யூஆர்எல் கோப்புக்கு வேண்டியது கூப்பிட்டால் ரெஸ்பான்ஸ் தரும் ஒரு ஃபங்ஷன். கிளாஸை அப்படிக் கொடுக்க முடியாது. ஆஸ்_வியூ என்கிற கிளாஸ் மெத்தட், உள்ளே ஒரு ஃபங்ஷனைச் செய்து வெளியே தருகிறது. இந்த வேலை யூஆர்எல் கோப்பு ஏற்றப்படும்போது ஒரே ஒரு தடவை நடக்கும். அந்த நேரத்தில் ரெக்வெஸ்ட் எதுவும் கிடையாது.

இங்கே வரும் தவறு இரண்டு. கிளாஸ் பெயரை மட்டும் கொடுப்பது ஒன்று. புதிய ஜாங்கோவில் சிஸ்டம் செக் இதைப் பிடித்து, ஆஸ்_வியூ சேர்க்கச் சொல்லும். ஆஸ்_வியூ எழுதிவிட்டு அடைப்புக்குறியை விடுவது மற்றொன்று. இதை எந்த சோதனையும் பிடிக்காது. சர்வர் நல்லபடியாகத் தொடங்கும். பக்கத்தைத் திறக்கும்போதுதான், ஒரு ஆர்க்யுமென்ட் எதிர்பார்த்தேன், இரண்டு வந்திருக்கிறது என்ற எரர் வரும். அந்த வாசகத்தைப் பார்த்ததும் வியூவைத் தொடாமல் யூஆர்எல் கோப்பைத் திறங்கள்.

ஆஸ்_வியூவின் அடைப்புக்குறிக்குள் டெம்ப்ளேட் பெயர் போன்றவற்றைக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும் பெயர் அந்தக் கிளாஸில் ஏற்கெனவே அட்ரிபியூட்டாக இருக்க வேண்டும். இல்லாத பெயரைக் கொடுத்தால் ஜாங்கோ உடனே மறுத்துவிடும்.

4. ஒவ்வொரு ரெக்வெஸ்டுக்கும் ஒரு புது ஆப்ஜெக்ட்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கிளாஸ் வியூவின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

ஆஸ்_வியூ தந்த ஃபங்ஷன், ஒவ்வொரு ரெக்வெஸ்ட் வரும்போதும் உங்கள் கிளாஸிலிருந்து ஒரு புது ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. பட்டறையில் அச்சு ஒன்று, அதில் அடிக்கும் துண்டு ஒவ்வொன்றும் புதுசு. கிளாஸ் அந்த அச்சு. ரெஸ்பான்ஸ் போன பிறகு அந்தத் துண்டுக்கு வேலை இல்லை.

இதை நம்பச் சொல்லவில்லை, செய்து பாருங்கள். ஒரு சாதாரண வியூ கிளாஸில் கவுன்ட் என்று ஒரு கிளாஸ் அட்ரிபியூட் போட்டு அதற்கு 0 கொடுங்கள். கெட் மெத்தடில் செல்ஃப் கவுன்டோடு 1 கூட்டி, அதையே ரெஸ்பான்ஸாக அனுப்புங்கள். பக்கத்தைப் பத்து தடவை ரீலோட் செய்யுங்கள். பத்து தடவையும் 1 தான் வரும். கூட்டிய மதிப்பு அந்த ஆப்ஜெக்டோடு போய்விட்டது. சிலர் ஆப்ஜெக்டின் ஐடியை அச்சிட்டு, "அண்ணா, இரண்டு தடவையும் ஒரே நம்பர் வருதே" என்பார்கள். பழைய ஆப்ஜெக்ட் காலி செய்த நினைவிடத்தையே பைத்தான் புதியதற்கும் கொடுக்கலாம். ஐடியை வைத்து முடிவு செய்யாதீர்கள், கவுன்டை வைத்துப் பாருங்கள்.

இப்போது அதே கிளாஸில் நம்பருக்குப் பதிலாக ஒரு வெற்று லிஸ்ட் போட்டு, கெட் மெத்தடில் அப்பெண்ட் செய்யுங்கள். ரீலோட் செய்யச் செய்ய லிஸ்ட் நீண்டுகொண்டே போகும். புது ஆப்ஜெக்டாக இருந்தாலும் லிஸ்ட் கிளாஸுடையது, எல்லோருக்கும் பொது. ஒரு வாடிக்கையாளரின் விவரத்தை அதில் போட்டால் அடுத்தவர் திரையில் தெரியும். லிஸ்ட், டிக்ஷனரி இரண்டையும் கிளாஸ் உடம்பில் போட்டு மாற்றாதீர்கள்.

இதைவிட மோசமானது தேதித் தவறு. ஒரு மாணவர் இன்றைய ஆர்டர் பக்கத்துக்காக, கிளாஸ் உடம்பிலேயே குவெரிசெட் (டேட்டாபேஸிலிருந்து எடுக்க வேண்டிய ஆர்டர்களின் தொகுப்பு) என்று எழுதி, அதில் இன்றைய தேதியால் ஃபில்டர் போட்டிருந்தார். வகுப்பில் அருமையாக ஓடியது. பட்டறையில் முதல் நாளும் ஓடியது. இரண்டாம் நாள் காலையில் அவருடைய மாமா போன் செய்தார்: "நேத்து ஆர்டரே நிக்குதுப்பா, இன்னைக்குப் போட்டது ஒண்ணும் காணோம்." கிளாஸ் உடம்பு ஓடியது சர்வர் தொடங்கிய அன்று ஒரே தடவை. இன்று என்று அது பிடித்து வைத்தது அந்த நாளைத்தான்.

இது வகுப்பில் ஏன் தெரியவில்லை? நாம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கோடைத் திருத்துகிறோம், ஒவ்வொரு தடவையும் டெவலப்மென்ட் சர்வர் தானே மறுபடி தொடங்குகிறது. அதனால் இன்று எப்போதும் இன்றாகவே இருக்கிறது. நேரத்தையோ, லாகின் செய்த ஆளையோ பொறுத்து மாறும் எதையும் கிளாஸ் உடம்பில் வைக்கக் கூடாது. கெட்_குவெரிசெட் மெத்தடுக்குள் வையுங்கள். அது ரெக்வெஸ்டுக்கு ஒரு தடவை ஓடும்.

5. செட்டப்: ரெக்வெஸ்ட் கைக்கு வரும் இடம்

ஆப்ஜெக்ட் பிறந்ததும் செட்டப் ஓடுகிறது. செல்ஃப் ரெக்வெஸ்ட், செல்ஃப் ஆர்க்ஸ், செல்ஃப் குவார்க்ஸ் மூன்றும் இங்கேதான் ஒட்டப்படுகின்றன. யூஆர்எல்லில் வந்த ஆர்டர் நம்பர் செல்ஃப் குவார்க்ஸில் இருக்கும்.

இனிட் மெத்தடில் செல்ஃப் ரெக்வெஸ்டைத் தேடினால் கிடைக்காததற்கு இதுதான் காரணம். இனிட் ஓடும்போது செட்டப் இன்னும் ஓடவில்லை. கிளாஸ் வியூவில் இனிட் எழுத வேண்டிய தேவை எனக்கு அநேகமாக வந்ததே இல்லை.

செட்டப்பை நீங்கள் எழுதினால் முதல் வரி சூப்பராக இருக்கட்டும். மறந்தால், செட்டப்பை மாற்றிவிட்டு சூப்பரை மறந்தீர்களா என்று ஜாங்கோவே கேட்கும்.

ஒரு எச்சரிக்கை: செட்டப், லாகின் சோதனைக்கு முன்னால் ஓடுகிறது. லாகின் செய்தவருக்கு மட்டும் உரிய ஆர்டரை இங்கே டேட்டாபேஸிலிருந்து எடுக்காதீர்கள்.

6. டிஸ்பேட்ச்: எந்த மெத்தடுக்கு அனுப்புவது

டிஸ்பேட்ச் செய்யும் வேலை சின்னது. ரெக்வெஸ்டின் மெத்தட் பெயரைச் சிறிய எழுத்தாக்கி, அது அனுமதித்த எட்டு பெயர்களில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதே பெயரில் உங்கள் கிளாஸில் ஒரு மெத்தட் இருக்கிறதா என்று தேடி, அதைக் கூப்பிடுகிறது. இல்லாவிட்டால் 405 (இந்த மெத்தட் ஏற்கப்படாது).

ஆக, 405 வந்தால் யூஆர்எல் சரி, கிளாஸும் சரி, அந்த மெத்தட்தான் இல்லை என்று பொருள். டெர்மினலில் எந்த மெத்தட், எந்த முகவரி என்று ஒரு வரி வந்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். மெத்தட் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் இதே 405 தான்.

லாகவுட் லிங்க் 405 தருகிறது என்று நிறையப் பேர் வருகிறார்கள். ஜாங்கோ 5.0 முதல் லாகவுட்-வியூ கெட்டை ஏற்பதில்லை. பழைய பாடத்தைப் பார்த்து சாதாரண லிங்க் வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, போஸ்ட் அனுப்பும் சிறு ஃபார்மும் அதில் ஒரு பட்டனும் வையுங்கள்.

ஹெட் மெத்தடை நீங்கள் எழுத வேண்டாம். கெட் இருந்தால் செட்டப்பிலேயே அதையே ஹெட்டாகவும் வைத்துவிடுகிறது.

டிஸ்பேட்சை நீங்களே எழுதினால் கடைசி வரியில் ரிட்டர்னும் சூப்பரும் சேர்ந்து இருக்க வேண்டும். சூப்பரைக் கூப்பிட்டுவிட்டு ரிட்டர்ன் போடாவிட்டால் வேலையெல்லாம் நடக்கும், சேவ்கூட ஆகும், ஆனால் வியூ ரெஸ்பான்ஸ் தரவில்லை, நன் (None, ஒன்றுமில்லை) தந்தது என்று எரர் வரும். நன் என்ற சொல்லைக் கண்டால் விட்டுப்போன ரிட்டர்னைத் தேடுங்கள்.

7. முதல் வியூவைச் சாதாரண வியூ கிளாஸிலேயே எழுதுங்கள்

புதியவர்கள் நேராக கிரியேட்-வியூவுக்குத் தாவுகிறார்கள். வேண்டாம். புது ஆர்டர் ஃபார்மை ஒரு தடவையாவது வெறும் வியூ கிளாஸில் எழுதுங்கள். கெட்டில் வெற்று ஃபார்மை உருவாக்கி ரெண்டர் செய்யுங்கள். போஸ்டில் ஃபார்முக்கு ரெக்வெஸ்டின் போஸ்ட் டேட்டாவைக் கொடுத்து, சரியாக இருந்தால் சேவ் செய்து ரீடைரக்ட், தவறாக இருந்தால் அதே ஃபார்மை மறுபடி ரெண்டர்.

ரீடைரக்ட் அவசியம். போஸ்டிலேயே பக்கத்தை ரெண்டர் செய்தால், பட்டறைக்காரர் ரீலோட் அழுத்தியதும் அதே போஸ்ட் இன்னொரு தடவை போகும். 500 கிராம் வெள்ளி இரண்டு வரவாக ஏறிவிடும். வெள்ளிக் கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை.

"சேவ் ஆகவில்லை, எரரும் வரவில்லை" என்ற புகாருக்கு இரண்டு இடம் பாருங்கள். ஃபார்ம் டேகில் மெத்தட் போஸ்ட் என்று எழுதினீர்களா? எழுதாவிட்டால் பிரவுசர் கெட்டாக அனுப்பும், முகவரிப் பட்டையில் உங்கள் விவரம் கேள்விக்குறிக்குப் பின்னால் ஓடும், வெற்று ஃபார்ம் திரும்ப வரும். அது சரியென்றால், ஃபார்ம் தவறுகளை டெம்ப்ளேட்டில் காட்டுகிறீர்களா? ஃபார்ம் செல்லாவிட்டாலும் பக்கம் 200 ஆகத்தான் வரும். தவறுகளை அச்சிடாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

8. பட்டியலும் விவரமும்

லிஸ்ட்-வியூவுக்கு மாடலைச் சொன்னால் போதும். டெம்ப்ளேட் பெயரை அதுவே ஊகிக்கும்: ஆப் பெயர், சாய்வுக்கோடு, மாடல் பெயர், அடிக்கோடு, லிஸ்ட். கோப்பு இல்லாவிட்டால் தேடிய பாதையை எரர் பக்கத்தில் காட்டும், அதை அப்படியே பார்த்துக் கோப்பை வையுங்கள்.

பக்கத்துக்குக் கூடுதல் விவரம் வேண்டுமென்றால் கெட்_கான்டெக்ஸ்ட்_டேட்டாவில் சேர்க்கிறோம். முதலில் சூப்பரிடமிருந்து டிக்ஷனரியை வாங்கி, அதில் சேர்த்து, அதையே ரிட்டர்ன் செய்ய வேண்டும். புதிதாக ஒரு டிக்ஷனரியை அனுப்பினால் ஆர்டர் பட்டியலே காணாமல் போகும். டெம்ப்ளேட்டோ, கொடுக்கப்படாத பெயரைக் கண்டால் சத்தமில்லாமல் வெற்றிடம் விடும், எரர் வராது.

டீட்டெயில்-வியூ யூஆர்எல்லில் பிகே (ஒரு பதிவின் அடையாள எண்) அல்லது ஸ்லக் (முகவரியில் வரும் சுருக்கப் பெயர்) என்ற பெயரைத் தேடும். நீங்கள் ஆர்டர்_ஐடி என்று வைத்திருந்தால் அதை பிகே_யூஆர்எல்_குவார்க் அட்ரிபியூட்டில் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு பாதுகாப்பு ஓட்டை உண்டு, இதை நான் ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் சோதிக்கிறேன். லாகின் செய்த ஒருவர் முகவரியில் 41 என்பதை 42 என்று மாற்றினால் அடுத்தவரின் ஆர்டர் திறக்கிறதா? லாகின் சோதனை இதைத் தடுக்காது, அவர்தான் லாகின் செய்திருக்கிறாரே. கெட்_குவெரிசெட்டில் அவருடைய ஆர்டர்களை மட்டும் ஃபில்டர் செய்து கொடுங்கள். கெட்_ஆப்ஜெக்ட் அதற்குள்தான் தேடும். மற்ற நம்பருக்கு 404 வரும்.

9. கிரியேட்-வியூவில் ஃபார்ம்

ஏழாம் படியில் கையால் எழுதியதையே கிரியேட்-வியூ செய்கிறது. போஸ்ட் வந்ததும் ஃபார்மைச் சோதிக்கும், சரியென்றால் ஃபார்ம்_வாலிட், இல்லையென்றால் ஃபார்ம்_இன்வாலிட். சேவும் ரீடைரக்டும் ஃபார்ம்_வாலிடுக்குள் நடக்கின்றன.

பதிந்தவர் யார் என்று சேர்க்க வேண்டுமா? ஃபார்ம்_வாலிடை எழுதி, ஃபார்ம் இன்ஸ்டன்ஸின் யூசரில் செல்ஃப் ரெக்வெஸ்ட் யூசரை வைத்துவிட்டு, சூப்பரின் ஃபார்ம்_வாலிடை ரிட்டர்ன் செய்யுங்கள். வரிசை முக்கியம். சூப்பர் முன்னால் போனால், யூசர் இல்லாமலே சேவ் செய்ய முயன்றிருக்கும்.

சக்சஸ்_யூஆர்எல்லைக் கிளாஸ் உடம்பில் எழுதும்போது ரிவர்ஸ் போடாமல் ரிவர்ஸ்_லேசி போடுங்கள். மறுபடியும் நேரம்தான் காரணம். கிளாஸ் உடம்பு ஓடும்போது யூஆர்எல் கோப்பு இன்னும் முழுதாக ஏறியிருக்காது. லேசி, உண்மையில் தேவைப்படும் வரை தேடலைத் தள்ளி வைக்கிறது. மெத்தடுக்குள் எழுதினால் சாதாரண ரிவர்ஸே போதும்.

டெலீட்-வியூவில் ஒரு மாற்றம் தெரிந்திருக்கட்டும். ஜாங்கோ 4.0 முதல் போஸ்ட் வந்தால் அதுவும் ஃபார்ம்_வாலிட் வழியாகப் போகிறது. டெலீட் மெத்தடில் எழுதிய பழைய வரிகள் ஓடாது.

10. லாகின் மிக்ஸின் இடப்பக்கம்

மிக்ஸின் என்பது வேறு கிளாஸோடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணைக் கிளாஸ். லாகின்-ரெக்வயர்ட்-மிக்ஸினை கிளாஸ் வரியில் முதலில், வியூவுக்கு இடப்பக்கம் எழுத வேண்டும். இந்த மிக்ஸின் டிஸ்பேட்சை மறித்து, லாகின் இல்லாதவரைத் திருப்பி அனுப்புகிறது. பைத்தான் இடமிருந்து வலமாகத் தேடும். லிஸ்ட்-வியூ முதலில் இருந்தால் அதன் வழியே வரும் வியூவின் டிஸ்பேட்ச் கிடைத்துவிடும். அது சூப்பரைக் கூப்பிடாது. மிக்ஸினின் முறை வரவே வராது.

எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, பக்கம் அழகாகத் திறக்கும். பூட்டு தொங்குகிறது, கதவு திறந்திருக்கிறது. இந்த வழிகாட்டியில் சொன்ன தவறுகளில் எனக்கு அதிகம் பயம் இதில்தான். எழுதியவர் லாகின் செய்த பிரவுசரிலேயே சோதிப்பதால் பல நாள் கண்ணில் படாது. லாகவுட் செய்த இன்னொரு ஜன்னலில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

மிக்ஸின் இருந்தாலும், உங்கள் கிளாஸில் டிஸ்பேட்ச் எழுதினால் அதுதான் முதலில் ஓடும். சூப்பருக்கு முன்னால் ரெக்வெஸ்ட் யூசரை வைத்து டேட்டாபேஸில் தேடினால், லாகின் இல்லாதவர் வந்ததும் எரர் பக்கம் வரும். அந்தத் தேடலை கெட் அல்லது போஸ்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஃபங்ஷனுக்கான டெக்கரேட்டரைக் கிளாஸ் மெத்தட் மேல் அப்படியே ஒட்டக் கூடாது, முதல் ஆர்க்யுமென்டாக செல்ஃப் வந்துவிடும். மெத்தட்_டெக்கரேட்டரில் சுற்றி டிஸ்பேட்ச் மேல் போடுங்கள்.

11. எங்கே நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்பது

டிஸ்பேட்சின் முதல் வரியில் ஒரு பிரிண்ட், கெட்டிலும் போஸ்டிலும் ஒவ்வொன்று. டிஸ்பேட்ச் அச்சாகவில்லை என்றால் மிடில்வேரையும் யூஆர்எல் கோப்பையும் பாருங்கள். டிஸ்பேட்ச் வந்து போஸ்ட் வரவில்லை என்றால் மெத்தட் பெயரையும் மிக்ஸினையும் பாருங்கள். போஸ்டும் வந்துவிட்டது என்றால் ஃபார்மின் தவறுகளை அச்சிடுங்கள். எந்தக் கிளாஸின் மெத்தட் ஓடுகிறது என்றே சந்தேகம் வந்தால், ஷெல்லில் உங்கள் கிளாஸின் எம்ஆர்ஓவை அச்சிட்டு, பைத்தான் தேடும் வரிசையைக் கண்ணால் பாருங்கள்.

அப்புறம் டெஸ்ட் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று போதும்: லாகின் இல்லாமல் கெட் செய்தால் 302 (வேறு பக்கத்துக்குத் திருப்புதல்), அடுத்தவர் ஆர்டருக்கு 404, சரியான போஸ்டுக்குப் பின் ஒரே ஒரு ஆர்டர் கூடியிருக்கிறது. ஜாங்கோவின் டெஸ்ட் கிளையண்ட் வழக்கமாக சிஎஸ்ஆர்எஃப் சோதனையைச் செய்யாது. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகி, பிரவுசரில் மட்டும் 403 வந்தால் டெம்ப்ளேட்டைத் திறந்து டோக்கன் இருக்கிறதா என்று பாருங்கள்.